புதுக்கோட்டை சிலைத் தோட்டத்துக்குக் கிளம்பும் முன்: கேள்வி பதில்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910இல் தொடங்கியது. செட்டிநாட்டுப் பக்கமிருந்து அங்குள்ள செப்புத் திருமேனிகளையும் வெளியில் வைத்திருக்கும் கற்சிலைகளையும் பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை இவை.

காரைக்குடியிலிருந்து: அண்ணே, குடும்பத்தோடு ஆறு பேர், காரில் வருகிறோம். சனிக்கிழமை ஒரே நாளில் அருங்காட்சியகம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம், நார்த்தாமலை, கொடும்பாளூர் எல்லாம் முடியுமா?

முடியாது. ஆறு இடத்தையும் தொட்டுவிட்டு வரலாம், ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் பட்டியலில் மூன்று போதும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. நீங்கள் சொல்லும் சனி இரண்டாம் சனியா என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு, முந்தின நாள் ஒரு போன் போட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திறப்பது காலை 9.30, மூடுவது 5.

வரிசையை முடிவு செய்வது தூரம் இல்லை, கோயில் நடை. கோயில்கள் உச்சி வேளையில் சாத்தி நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அருங்காட்சியகமும், சித்தன்னவாசல் போலத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் குடைவரைகளும் (பாறையைக் குடைந்த கோயில்கள்) நடுப்பகலிலும் திறந்திருக்கும். அதனால் இப்படிப் போங்கள்: காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சுமார் 40 கிலோமீட்டர், ஏழேகாலுக்குள் திருக்கோகர்ணம் கோகர்ணேசுவரர் கோயில். உள்ளே பாறையைக் குடைந்த பழைய கருவறை இருக்கிறது. அதை ஒட்டிப் பாறையிலேயே செதுக்கிய கணபதியையும் கங்காதரரையும் விடாதீர்கள். காலைச் சாப்பாடு முடித்து 9.30க்கு அருங்காட்சியகம். வெயில் ஏறும் முன் வெளியில் இருக்கும் சிலைகள், பிறகு உள்ளே செப்புத் திருமேனிகள். பன்னிரண்டுக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு சித்தன்னவாசல். அங்கிருந்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலைக்கு நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால் நடை திறந்திருக்கும்.

திருமயம் உங்கள் வீட்டுக்குப் பக்கம். அதற்கு இன்னொரு நாள் காலையை ஒதுக்குங்கள். பாறைக்குள் பள்ளிகொண்ட பெருமாளை அவசரத்தில் பார்ப்பது பாவம்.

தேவகோட்டையிலிருந்து: கார் இல்லை. பஸ்ஸில் போய்வர முடியுமா?

அருங்காட்சியகம் மட்டும் என்றால் தாராளமாக. காரைக்குடி வந்து திருச்சி பஸ் ஏறினால் திருமயம் வழியாகப் புதுக்கோட்டை பேருந்து நிலையம். அங்கிருந்து திருக்கோகர்ணத்துக்கு டவுன் பஸ் உண்டு, ஆட்டோவும் கிடைக்கும். ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர். சித்தன்னவாசலையும் சேர்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே மத்தியானம் போய்விடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து புதுக்கோட்டையில் ஆட்டோ பேசிக்கொள்வது மேல். போகவர வாடகையோடு காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: உண்மையைச் சொன்னால், எனக்கு எல்லாச் சிலையும் ஒன்றுபோலத் தெரிகிறது. பெயர்ப் பலகையில் பத்தாம் நூற்றாண்டு, பதினாறாம் நூற்றாண்டு என்று எழுதியிருக்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரே தெய்வத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருமால் வசதி, ஏனென்றால் கையில் சக்கரம் இருக்கிறது. மேல் வலக்கையை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். சக்கரத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பி, இப்போதே விடப்போவதுபோல் இருந்தால் அது பிரயோகச் சக்கரம், பழைய வழக்கம். சக்கரத்தின் வட்ட முகம் முழுசாக நம்மைப் பார்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றால் பிந்தியது. அடுத்து தீச்சுடர். பழைய சிலைகளில் சங்கிலும் சக்கரத்திலும் சுடர் இருக்காது, இருந்தாலும் சின்னதாக இருக்கும். காலம் போகப்போக சுடர் பெரிதாகி நாலு பக்கமும் நிற்கும்.

பிறகு பூணூல். பல்லவர் கால (ஆறு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு) வழக்கில் அது மார்பில் இறங்கி வலக்கை மேல் ஏறிப் போகும். பிந்திய சிலைகளில் இடுப்புப் பக்கமாக இறங்கிவிடும். வாயில்காவலர் என்றால் கையை எண்ணுங்கள்: பழைய குடைவரைகளில் இரண்டு கை, கதாயுதத்தின்மேல் சாய்ந்து சும்மா நிற்பார், பிறகு நான்கு கை, கோரைப்பல், விரலை நீட்டி மிரட்டல். நாயக்கர் காலத்துக்கு (பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு) வந்தால் மூக்கு கூர்மையாகும், முழங்கால் சில்லு குமிழாகத் துருத்தும், நகைக்கு நடுவில் உடம்பைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய பாணியையே பார்த்துச் செய்த பிந்திய சிற்பிகளும் உண்டு. மூன்று அடையாளம் ஒரே பக்கம் பேசினால் நம்பலாம். முதலில் பலகையைப் பார்க்காமல் நீங்களே ஒரு காலம் சொல்லிவிட்டு, அப்புறம் பலகையைப் படியுங்கள். ஏழெட்டுச் சிலைக்குள் கண் பழகிவிடும். அதே நாள் மாலை குடுமியான்மலை மண்டபத் தூண்களுக்கு முன்னால் நின்றால் நாயக்கர் காலம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கானாடுகாத்தானிலிருந்து: சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் சிலைகள் புத்தரா, சமணரா? எங்கள் பக்கத்து ஊரில் இப்படி ஒன்றை முனி என்று கும்பிடுகிறார்கள்.

புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் சமணர்தான் அதிகம். தலைக்கு மேலே பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை இருந்தால் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர். அதுதான் முக்குடை. உடம்பில் ஆடை மடிப்பே இருக்காது. புத்தர் என்றால் இடது தோள்மேல் சீவரம் என்ற துறவி ஆடையின் விளிம்பு ஒரு கோடாகவாவது தெரியும், உச்சந்தலையில் சுடர் போன்ற முடிச்சு இருக்கும். தலைக்குமேல் பாம்புப் படம் விரிந்தால் பார்சுவநாதர், பீடத்தில் சிங்கம் இருந்தால் பெரும்பாலும் மகாவீரர். நின்ற கோலத்தில் கால்களில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி என்ற சமணத் துறவி.

முனி என்று கும்பிடுகிறவர்களிடம் போய்த் திருத்தாதீர்கள். அந்தக் கும்பிடுதான் அந்தக் கல்லை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

கொத்தமங்கலத்திலிருந்து: அகலமான இடுப்பு, சரிந்த வயிறு, பக்கத்தில் மாட்டுத்தலையோடு ஒருவன். எந்த அம்மன் இது? பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

தவ்வை. சேட்டை என்றும் சொல்வார்கள், பேச்சுவழக்கில் மூதேவி. மாட்டுத்தலை அவள் மகன் மாந்தன், மறுபக்கம் நிற்பவள் மகள். தலைக்குப் பக்கத்தில் காக்கைக் கொடி இருக்கும், கல் தேய்ந்திருந்தால் உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டுக் கனமாக உட்கார்ந்திருப்பாள். இன்று ஏச்சுச் சொல்லாகிவிட்டது, ஆனால் பல்லவ, பாண்டிய, முற்காலச் சோழர் காலங்களில் சிவன் கோயில் சுற்றாலையில் (கருவறையைச் சுற்றியுள்ள சிறு சன்னதிகளில்) அவளுக்குத் தனி இடம் உண்டு. அப்புறம் வழிபாடு குறைந்து, சிலைகள் குளக்கரைக்கும் வயல் வரப்புக்கும் போயின. என் கணக்கில் தமிழ்நாட்டுக் கற்சிலைகளிலேயே அலட்சியம் இல்லாமல் பார்க்க வேண்டியவள் இவள்தான்.

பக்கத்தில் ஏழு பெண்கள் வரிசையாக இருந்தால் சப்தமாதர், ஏழு தாய்த் தெய்வங்கள். முகத்தில் தேடாதீர்கள், பீடத்தில் செதுக்கிய ஊர்தியைப் பாருங்கள்: அன்னம் பிராமி, காளை மகேசுவரி, மயில் கௌமாரி, கருடன் வைணவி, யானை இந்திராணி. பன்றி முகம் வாராகி, எலும்பு தெரிய இருப்பவள் சாமுண்டி.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்: ஒரு வீரன் தன் கழுத்திலேயே வாளை வைத்திருக்கிறான். என்ன அது?

நவகண்டம். போரில் வெற்றி வேண்டியோ, தலைவன் நலம் வேண்டியோ கொற்றவைக்குத் தன் தலையைத் தானே பலி கொடுத்தவனுக்கு எடுத்த கல். ஒரு கையில் தன் முடியைப் பிடித்து இழுத்திருப்பான், மறு கையில் வாள். சாதாரண வீரக்கல்லில் வாள் எதிரியை நோக்கி இருக்கும்.

புதுவயலிலிருந்து: பெரும்பாலும் மூக்கு உடைந்திருக்கிறதே, எல்லாம் படையெடுப்பில் உடைத்ததா?

எல்லாம் அல்ல. கருங்கல்லில் துருத்தும் பாகம்தான் முதலில் போகும். சிலை குப்புற விழுந்தால் மூக்கு, விரல், ஆயுத நுனி. இதற்காகவே சிற்பிகள் கையை உடம்போடு ஒட்டவைப்பார்கள், முதுகுக்குப் பின் தாங்குகல்லை விட்டுவைப்பார்கள். உடைப்பு வேறு, தேய்வு வேறு என்பதையும் பாருங்கள். முகம் வழவழவென்று மங்கி, கல் எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் அது நெடுங்காலம் பூசையில் இருந்த சிலை. அபிஷேகமும் தேய்ப்பும் செய்த வேலை. வெள்ளையும் பச்சையுமாகத் திட்டு இருந்தால் வெயில் மழையில் கிடந்த கல்லில் பிடித்த பாசி. அதைச் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: கும்பிட்டுப் பழகிய கை சும்மா இருக்காது தம்பி. ஒரு பூ வைத்தால் தப்பா?

கும்பிடுங்கள் ஆச்சி, தப்பே இல்லை. பூ, குங்குமம், கற்பூரம், எண்ணெய் மட்டும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டி, கல்லின் நுண்துளையில் இறங்கி, எழுத்தும் நகை வேலைப்பாடும் மூடிப்போகும். தொட்டுக் கும்பிடுவதும் அப்படித்தான், கை வியர்வையே போதும். உள்ளே செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே மறைந்திருக்கும் உடம்பு இங்கேதான் தெரியும். பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருக்கும். உலா எடுக்கக் கட்டுவதற்காக வைத்தவை. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வர முடிந்தால் முதுகுப்பக்கம் தலைக்குப் பின்னால் இருக்கும் சிரசக்கரத்தையும் பாருங்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: படம் எடுத்தால் சிலை தட்டையாக வருகிறது. பிளாஷ் போடலாமா?

பிளாஷ்தான் தட்டையாக்குவதே. நேரே அடிக்கும் வெளிச்சத்தில் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் செதுக்கு தெரியாது. திறந்தவெளிச் சிலைக்குக் காலை பத்து மணிக்குள் அல்லது மாலை நான்குக்கு மேல், வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். உச்சி வெயிலில் புருவ நிழல் கண்ணை மூடிவிடும். உள்ளே எடுக்க அனுமதி உண்டா, கேமராவுக்குத் தனிக் கட்டணமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். கண்ணாடிப் பெட்டி என்றால் லென்ஸைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் வையுங்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பிரதிபலிப்பு பாதி குறையும்.

சித்தன்னவாசலில் ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே வெளிச்சம் வரும். கூரையில் தீட்டிய தாமரைக் குளத்தில் மீன், அன்னம், யானை, பூப்பறிப்பவர்கள் எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வரும். இருட்டுக்குக் கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்குச் சர்க்கரை. எதை விடலாம்?

சித்தன்னவாசலில் சமண முனிவர்கள் தங்கிய குகையான ஏழடிப்பட்டத்தை விடுங்கள். 17 கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் பாறை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும், மத்தியானம் பாறை கொதிக்கும். அறிவர் கோயில் அடிவாரத்திலேயே இருக்கிறது, சில படிகள்தான். குடுமியான்மலையிலும் மலை ஏற வேண்டாம். மண்டபச் சிற்பங்களும் மேலைக்கோயில் என்ற குடைவரையின் இசைக் கல்வெட்டும் கீழேயே. கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்துவிடும், அதனால் கோயில்களை அதிகாலை, மாலை என்றே வையுங்கள்; தொல்லியல் துறை இடங்களில் செருப்பு எங்கே கழற்றச் சொல்கிறார்களோ அதுவரை கழற்ற வேண்டாம். மாதம் என்றால் மார்கழி முதல் மாசி வரை. பங்குனி பிறந்துவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

காரைக்குடியிலிருந்து: வீட்டு வளவில் வைக்க ஒரு பழைய கற்சிலை, பழம்பொருள் கடையில் விலை பேசியிருக்கிறேன். "இருநூறு வருசத்துச் சிலை" என்கிறார். வாங்கலாமா?

நூறு வருசத்துக்கு மேற்பட்ட சிலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிலைக்குப் பதிவுச் சான்று வேண்டும், கை மாறுவதையும் தெரிவிக்க வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் இல்லை, உங்களுக்காகத் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கோயிலில் திருடிய சிலையாக இருந்தால் வீட்டில் வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். "புதுசுதான், பழசுபோலச் செய்தது" என்று பேச்சு மாறினால் அதையே பில்லில் எழுதி வாங்குங்கள். தோட்டத்துக்கு அழகு வேண்டும் என்றால் புதுக் கல்லில் சொல்லிச் செய்துகொள்வதே நல்லது.

புதுவயலிலிருந்து: கண்மாய் மராமத்தில் ஒரு உடைந்த சிலை வந்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு நாமே வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வேண்டாம். மண்ணில் கிடைத்ததைத் தெரிவிப்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கட்டாயம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், அவர் தாசில்தாருக்கும் ஆட்சியருக்கும் கொண்டுபோவார். அதுவரை அசைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது: எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதே பாதித் தகவல். பக்கத்தில் ஒரு அளவு நாடாவை விரித்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஆசிட், கம்பித் தூரிகை, சிமெண்ட் எதுவும் கிட்டே வரக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். பொக்லைன் ஓட்டுநரிடம் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் மண்வெட்டியால் எடுக்கச் சொல்லுங்கள். உடைந்த மீதித் துண்டு பெரும்பாலும் ஓரிரு அடிக்குள்ளேயே கிடக்கும்.