தகவல் சொன்னவர் பெயர்

வணக்கம் அண்ணா,

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் இருக்கிறேன். பொலிஸாரோடு சேர்ந்து இயங்கும் கிராமக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம், ஐஸ் போதைப்பொருள், இரவில் கள்ளமாக மணல் ஏற்றுவது பற்றித் தகவல் கொடுக்க வேண்டும், சம்பளம் இல்லை. எனக்கு விருப்பம். அப்பாதான், "காட்டிக்கொடுக்கிறவன் எண்ட பெயர் எங்களுக்கு வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அப்பா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். போர்க்காலத்துச் சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையாக நிறுத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் நடக்கவிட்டதைக் கண்ட தலைமுறை அது. தலை ஒருமுறை அசைந்தால் ஒரு பிள்ளை வாகனத்தில் ஏற்றப்படும். ஏன் என்று கேட்க ஆள் இருக்காது.

அந்தப் பயம் இப்போதும் காரணமில்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர், இரவு மணல் ஏற்றிக்கொண்டிருந்த டிப்பரைப் பற்றிப் பொலிஸுக்குப் போன் எடுத்தார். பொலிஸ் வரமுன்னமே டிப்பர் போய்விட்டது. விடியக் காலமை ஒருவன் அவருடைய படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணை, ராத்திரி நித்திரை இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் யாருமே எதற்கும் போன் எடுப்பதில்லை. ஆற்றங்கரை சரிந்துகொண்டே போகிறது.

பெயர் தெரியாமல் தகவல் கொடுக்க வழி இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் அல்புகெர்க்கி நகரில், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த ஒரு மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். துப்பு எதுவும் இல்லை. கிரெக் மக்கலீஸ் என்ற பொலிஸ் அதிகாரி, நடந்ததை நடித்துக் காட்டித் தொலைக்காட்சியில் போட்டு, பெயர் சொல்லாமல் அழைக்கலாம் என்று அறிவித்தார். சில நாட்களில் ஆட்கள் பிடிபட்டார்கள். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கும் 'கிரைம் ஸ்டொப்பர்ஸ்' திட்டம் அங்கேதான் தொடங்கியது. அதில் சன்மானமும் உண்டு. நம் ஊருக்கு அது வேண்டவே வேண்டாம். காசு வந்தால் பழைய வேலிச் சண்டையெல்லாம் தகவலாகிவிடும். நாம் எடுக்கவேண்டியது வேறு: அழைத்தவருக்கு ஓர் இலக்கம் மட்டும்தான், பெயர் எங்கேயும் பதியப்படாது. திட்டத்தை நடத்துவதும் ஊர்மக்களின் சபை.

நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது. தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி ஒரு பொலிஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2023இல் புதியது வந்தது. ஆனாலும் நீதிமன்றத்தில் கேட்க முடியாத பெயர், தேத்தண்ணிக் கடையில் கேட்காமலே வெளியே வந்துவிடுகிறது.

ஆகவே முதல் கூட்டத்திலேயே பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள்: தகவல் சொன்னவர் பெயர் எந்தக் கொப்பியிலும் எழுதப்படக் கூடாது, உங்கள் குழுவுக்கும் தெரியக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டதைக் கூட்ட அறிக்கையில் போடுவியுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சேராதீர்கள்.

சேர்ந்தால், நடப்பதைச் சொல்லுங்கள்: இடம், நேரம், வாகன இலக்கம். கேள்விப்பட்டதை வைத்து ஆளைச் சொல்லாதீர்கள். பொல்லோடு போய் டிப்பரை மறிக்கிற வேலையும் வேண்டாம், அது உயிருக்கு ஆபத்து. கொடுத்த தகவலுக்கு என்ன நடந்தது என்று மாதாமாதம் கேளுங்கள். கேட்காத குழு பொலிஸின் எடுபிடியாகிவிடும்.

இன்னொன்று. முன்னாள் போராளி வீட்டுக்கு யார் வந்தார்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்துக்கு யார் போனார்கள் என்று யாராவது விசாரித்தால், பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். அதற்காக நெருக்கினாலோ, தகவல் சொன்னவர் பெயர் கசிந்தாலோ, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலும் அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகாமல், ஊர்ச் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணா