உதட்டுக்குள் புதைந்துபோன கம்பி: இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. கோவையில் ஐடி வேலை, விடுதியில் தங்கியிருக்கிறேன். பதினொரு நாளுக்கு முன்பு கீழுதட்டின் நடுவில் ‘ஆஷ்லி’ பியர்சிங் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் உதடு பயங்கரமாக வீங்கி, இப்போது பாதி குறைந்திருக்கிறது. ஆனால் கம்பியின் முனையில், வாய்க்கு உள்பக்கம் இருந்த தட்டையான வட்டம் கண்ணில் படவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளிதான் தெரிகிறது. கடையில் கேட்டால், ‘செட் ஆகுது, மூணு வாரம் பொறுங்க’ என்கிறார்கள். 1,800 ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ரேயும் வாங்கச் சொல்கிறார்கள். மருத்துவரிடம் போனால் தழும்பு விழுமா? வீட்டுக்கு இன்னும் தெரியாது.

பதில்: வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர்

பொறுக்க வேண்டாம். நாளைக் காலையே போங்கள். அந்தத் தட்டு செட் ஆகவில்லை, புதைந்துவிட்டது. வாயின் உள்தோல் அதன்மேல் மூடி வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று சின்ன வேலையாக முடிவது, மூன்று வாரம் கழித்துத் தேடித் தோண்டும் வேலையாகிவிடும்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் கடைக்காரர் பேச்சில் மயங்க மாட்டீர்கள். உதட்டுக்குக் கீழே, தாடைப் பக்கத்துத் தோலில் குத்துவதுதான் பலரும் செய்வது. ஆஷ்லியில் உதட்டின் சிவந்த பகுதி வழியாகவே கம்பி உள்ளே போகிறது. அங்கே தசையும் ரத்த ஓட்டமும் அதிகம் என்பதால் ஊசி பட்டதும் உதடு நன்றாகவே வீங்கும். முதல் சில நாள் இந்த வீக்கம் எதிர்பார்த்ததுதான். அதற்கு இடம்விட்டு, முதலில் நீளமான கம்பியைப் போட்டு, வீக்கம் வடிந்தபின் குட்டையானதாக மாற்ற வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் வெளிப்பக்கக் கல் முதல் நாளே உதட்டோடு அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று குட்டைக் கம்பியை மாட்டியிருக்கிறார்கள். உதடு வீங்கியபோது கம்பி நீளவா செய்யும்? தட்டு சதைக்குள் இறங்கிவிட்டது. குழந்தையின் காதில் திருகாணியை இறுக்கமாக முடுக்கி, அது மடலுக்குள் புதைந்துபோவதைப் பார்த்த அம்மாக்கள் நம் ஊரில் நிறைய. அதே கதைதான், இடம் மட்டும் உதடு.

தட்டு சற்றுப் பள்ளத்தில் உட்கார்ந்து, அதன் முழு வட்டமும் தெரிந்தால் பயமில்லை. பல நாளில் அப்படி ஒரு குழி விழுவது சாதாரணம். உங்களுக்கு வட்டமே தெரியவில்லை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அதுவரை ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். வெளிப்பக்கக் கல்லை நீங்களாகத் திருகிக் கழற்றாதீர்கள். கல் போனால் கம்பியை வெளியிலிருந்து பிடித்திருக்க எதுவும் இல்லை. உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளித்துளையும் சீக்கிரம் சுருங்கிவிடும். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துத்தான் தேட வேண்டும். கடைக்காரர் ‘நானே எடுத்துவிடுகிறேன், வாங்க’ என்றாலும் போகாதீர்கள். மரத்துப்போக ஊசி போட அவருக்கு அனுமதி கிடையாது. அவர் போட்டால் அதைவிட ஆபத்து.

மருத்துவர் செய்யப்போவது இதுதான்: உதட்டில் மரத்துப்போகும் ஊசி போடுவார். உள்பக்கம் வெள்ளைப் புள்ளி இருக்கும் இடத்தில் சின்னதாகக் கீறி, தட்டை வெளிக்கொணர்ந்து, கம்பியை உருவிவிடுவார். தையல் போட்டாலும் ஒன்றிரண்டுதான். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வாயின் உள்தோல் வேகமாக ஆறும், அங்கே தழும்பு பெரிதாகத் தெரியாது. வெளியே குத்திய இடத்தில் சின்னப் புள்ளி ஒன்று நிற்கலாம். நாள் கடத்தினால்தான் தழும்பு பெரிதாகும்.

எங்கே போவது? நம் அமைப்பின் லட்சணம் இங்கேதான் தெரியும். உதடு என்றால் தோல் டாக்டர் பல் டாக்டரிடம் அனுப்புவார், பல் டாக்டர் காது மூக்கு தொண்டைக்கு அனுப்புவார், ஓபி சீட்டோடு அரை நாள் போய்விடும். நீங்கள் நேராக வாய், முக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போங்கள். பணம் யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ‘உதட்டில் பியர்சிங், தட்டு உள்ளே புதைந்துவிட்டது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ‘உதடு வீங்கியிருக்கு’ என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. யாராவது புத்திமதி சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். வேலை நடக்க வேண்டும்.

இரவில் காய்ச்சல், நடுக்கம், தாடைக்குக் கீழே கெட்டியான வீக்கம், விழுங்க முடியாமல் எச்சில் வடிவது, மூச்சு விடச் சிரமம், இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்து அந்த ஸ்ப்ரே. வாங்காதீர்கள். காயத்தைக் கழுவ மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண சலைன், அதாவது 0.9 சதவீத உப்புநீர் போதும். சில பத்து ரூபாய்தான். புதைந்த தட்டை எந்த ஸ்ப்ரேயும் வெளியே தள்ளாது. ஆனால் இந்தக் கடைகளின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. குத்துவதற்குக் குறைந்த விலை சொல்லி ஆளை உள்ளே இழுப்பது, பிறகு ‘ஆஃப்டர்கேர்’ என்று பாட்டில் விற்பது, வீங்கினால் நீளக் கம்பிக்குத் தனிக் காசு, தழும்பு விழுந்தால் ‘எங்களுக்குத் தெரிந்த லேசர் கிளினிக்’ என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் அவருக்குக் கமிஷன் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பெயரும் இன்னொரு வலை. கேட்க ஆஸ்பத்திரிப் பொருள் மாதிரி இருக்கும். 316எல் எனப்படும் அந்த எஃகில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு, நிக்கல் ஒவ்வாத உடம்புக்கு அரிப்பும் கசிவும் நிற்காது. புதுக் காயத்துக்கு, உடலுக்குள் பொருத்துவதற்கென்று வகுத்த ஏஎஸ்டிஎம் எஃப்136 தரமுள்ள டைட்டானியம்தான் சரி. அந்தத் தரத்துக்குச் சான்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

மருந்துக் கடைக்காரரும் சளைத்தவரல்ல. உதடு வீங்கியது என்றதும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்பை நீட்டுவார். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. யார் கேட்கிறார்கள்? மஞ்சள், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

‘தைப்பூசத்துக்கு அலகு குத்துகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே’ என்று யாராவது கேட்பார்கள். அலகு சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். உதட்டுக்குள் தட்டு, கம்பி எதுவும் இராப்பகலாகத் தங்குவதில்லை. இரண்டையும் ஒப்பிடுவது அர்த்தமில்லாதது.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள். நம் ஊரில் இவர்கள் குறைவல்ல. இவர்கள் உதட்டிலோ நாக்கிலோ குத்திக்கொள்ளவே கூடாது. வாயில் இருக்கும் கிருமி காயம் வழியாக ரத்தத்தில் கலந்து, பழுதான வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதன் காய்ச்சல் உடனே வர வேண்டும் என்பதும் இல்லை, சில வாரம் கழித்து மெல்ல வரும், யாரும் அதை உதட்டோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். ‘சின்ன வயசில் ஏதோ ஊசி போட்டாங்க’ என்ற அளவில் மட்டும் நினைவிருந்தால்கூட, கம்பியை எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிலருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டுத்தான் கத்தி வைப்போம். வீட்டுக்குத் தெரியாது என்றீர்களே, சொல்லிவிடுங்கள் என்பதற்கு இது ஒரு காரணம். அந்த ஊசி அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும்.

மறுபடி குத்திக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். சில மாதம் ஆகட்டும். ஆனால் உள்ளே இருக்கும் தட்டு கீழ் முன்பற்களின் ஈறில் உரசிக்கொண்டே இருக்கும். உதட்டில் பியர்சிங் வைத்திருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈறு இறங்கியிருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது.

இந்தக் கடைகளைக் கேட்பார் யார் என்றால், பதில் இல்லை. பியர்சிங் கடைக்கென்று நாடு முழுவதற்குமான தனி உரிமச் சட்டம் இல்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிட்ட விவகாரம் வெளியே வந்ததும் இருவரைக் கைது செய்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முன்னால் அந்தப் படியேறிப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்காதீர்கள், அந்தக் கையெழுத்து அவருடைய அலட்சியத்தை மன்னித்துவிடாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். ரசீது, ‘மூணு வாரம் பொறுங்க’ என்ற வாட்ஸ்அப் செய்தி, முதல் நாள் படம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். எடுத்த கம்பியையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அதன் நீளத்தை அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.