வாத்தியாரைக் கேளுங்கள்: முழங்கைப் பட்டை வாங்கலாமா?

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 31 ஆண்டுகள் விசில் ஊதியவர்.)

திருவையாற்றிலிருந்து ஒரு தந்தை: என் மகனுக்கு 11 வயது. மட்டை பிடிப்பது பரவாயில்லை. பந்தை எறிவதுதான் சரியில்லை. முழங்கை தாழ்ந்துவிடுகிறது, பந்து பாதி வழியிலேயே விழுந்துவிடுகிறது. முழங்கையைச் சரியான கோணத்தில் பிடித்துவைக்கும் பட்டை ஒன்று இணையத்தில் 2,400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பையனுக்கு நல்ல ஷூ வாங்குங்கள். மீதியில் உங்கள் ஊர் அசோகா அல்வாவை வாங்கி வீட்டோடு சாப்பிடுங்கள்.

கட்டிப்போட்ட கை, கட்டு இருக்கும் வரைதான் சொன்னபடி கேட்கும். அவிழ்த்த மறுநாள் பழைய வழிக்கே போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முழங்கை தாழ்கிற பையன்களில் பெரும்பாலோருக்குக் குற்றம் முழங்கையில் இருப்பதில்லை, காலில்தான் இருக்கிறது. கால் தரையை உதைக்க, இடுப்பு திரும்ப, அதன்பின் நெஞ்சு, அதன்பின் தோள் என்று விசை ஏறி வரவேண்டும். கை கடைசியில் வருகிற ஆள். முன்னால் போகவேண்டியவர்கள் போகாவிட்டால், எல்லாச் சுமையையும் கை ஒன்றே தூக்குகிறது. அப்போது முழங்கை தாழாமல் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் ஊர் ஆற்றிலேயே கிடக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முந்தைய வாரங்களில் காவிரி வெறும் மணல்தான். வெயில் ஏறுவதற்குள், பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, சற்று ஈரமான மணலில் பையனை நிறுத்தி எறியச் சொல்லுங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். அவன் நகர்ந்ததும் குனிந்து காலடித் தடத்தைப் பாருங்கள்.

வலக்கைக்காரன் என்றால் இடது கால் முன்னே போயிருக்க வேண்டும். அதன் விரல்கள் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் வலது காலின் தடத்தில் குதிகால் பகுதி மங்கியும், கட்டைவிரல் இருந்த இடத்தில் மணல் விசிறிபோலச் சுழன்றும் கிடந்தால், இடுப்பு திரும்பியிருக்கிறது. முத்திரை குத்தியதுபோலத் தடம் கலையாமல் இருந்தால், உங்கள் மகன் சிலைபோல நின்றுகொண்டு கையை மட்டும் வீசியிருக்கிறான். வலது காலே முன்னே வந்திருந்தால் அது நான்கு வயதுக் குழந்தையின் எறிதல். பதினொரு வயதிலும் சிலரிடம் அது ஒட்டிக்கொண்டிருக்கும். திட்டாதீர்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வாசலில் சாக்பீஸ் போதும். இலக்கை நோக்கி ஒரு நீளக் கோடு, அதன்மேல் இரண்டு பாத வடிவங்கள். பையன் பக்கவாட்டில் நின்று, முன்காலை அந்த வடிவத்தில் வைத்து எறியட்டும். புங்கமரத்தில் பழைய சைக்கிள் டயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பன்னிரண்டு தப்படியாவது தள்ளி நிற்கவேண்டும். ஐந்தடியில் நின்றால் யாராக இருந்தாலும் பந்தைத் தள்ளத்தான் செய்வார்கள், எறியமாட்டார்கள்.

பந்தையும் பாருங்கள். பெரியவர்களின் கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை. பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் எடையில் சிறிய பந்து இருக்கிறது. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. பழகும்போது டென்னிஸ் பந்திலேயே தொடங்கட்டும். அதன் நடுவில் வண்ண நாடா ஒன்றைச் சுற்றி ஒட்டுங்கள். அந்த நாடா மேலும் கீழுமாக நிற்க, விரல்களை அதன்மேல் வைத்து எறியட்டும். பந்துக்குப் பின்னாலிருந்து விரல்கள் நேராக விட்டால், பறக்கும்போது நாடா ஒரே கோடாகத் தெரியும். கை பந்தின் பக்கவாட்டில் வழுக்கினால் கோடு தள்ளாடும். பையனே பார்த்துத் தெரிந்துகொள்வான். நீங்கள் வாயைத் திறக்கவேண்டியதில்லை. அப்பாக்களுக்கு அதுதான் கடினமான பயிற்சி.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஓர் இளம் உடற்கல்வி ஆசிரியர்: வகுப்பில் 40 மாணவியர், நல்ல பந்து நான்குதான். குறுவட்டப் போட்டிக்கு ஹேண்ட்பால் அணி தயார் செய்யவேண்டும். பெரும்பாலோர் பந்தைத் தள்ளுகிறார்கள். எறிபந்து (த்ரோபால்) ஆடவைத்தால் சரியாகுமா?

தம்பி, எறிபந்து நல்ல ஆட்டம், ஆனால் அது எறியக் கற்றுக்கொடுக்காது. பந்தைப் பிடித்து மூன்று விநாடிக்குள் தோளுக்கு மேலிருந்து ஒரு கையால் அனுப்பவேண்டும். பந்து பெரியது, உள்ளங்கைக்குள் அடங்காது. அடங்காத பந்தைத் தள்ளத்தான் முடியும். ஹேண்ட்பாலிலும் சிறுமியருக்கு 50 முதல் 52 செ.மீ. சுற்றளவுள்ள சிறிய பந்தையே வாங்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கிடைக்காது, இருந்தாலும் கேளுங்கள்.

அதுவரை நாற்பது பேருக்கு நாற்பது பந்து நீங்களே செய்யலாம். பழைய காலுறைக்குள் கந்தல் துணியை இறுகத் திணித்து, சணலால் வரிந்து கட்டினால் பந்து தயார். யார் மேல் பட்டாலும் வலிக்காது, ஜன்னலும் உடையாது. முதல் இரண்டு வாரம் இலக்கே வைக்காதீர்கள். சுவரை நோக்கி நிறுத்தி, “யார் பந்து சத்தமாக விழுகிறது பார்ப்போம்” என்று மட்டும் சொல்லுங்கள். குறி வைக்கச் சொன்னால் பிள்ளைகள் கையை அடக்குவார்கள். சத்தம் வேண்டும் என்றால் காலும் இடுப்பும் தாமாக வந்து சேரும்.

‘பெண் பிள்ளைகள் அப்படித்தான்’ என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். பையன்கள் ஐந்து வயதிலிருந்து மாங்காய்க்குக் கல் எறிகிறார்கள். இவர்கள் எறிந்தால் வீட்டில் அடி விழும். பழக்கத்தில் உள்ள வேறுபாடுதான் பெரும்பாலும்.

உங்கள் பக்கத்தில் நடவு இயந்திரம் வராத வயல் இருந்தால், ஒருநாள் வகுப்பை வரப்புக்கு அழைத்துப்போங்கள். நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, வீசுபவரைப் பாருங்கள். முடியைத் தோகைப் பக்கம் பிடித்துப் பின்னால் கொண்டுபோவார். சேற்றில் புதைந்த கால் நகராது. இடுப்பு மட்டும் திரும்பும், கை அதன் பின்னால் வரும். முடி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நடவு செய்கிற பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி, வேர் கீழாக வந்து உட்காரும். அது தாழ்கை வீச்சு, ஹேண்ட்பாலுக்கு அப்படியே பொருந்தாது. இடுப்பு முந்தி கை பிந்தி வருவதை மட்டும் பிள்ளைகள் பார்க்கட்டும். அவர்களில் பாதிப்பேருக்கு வீசுகிறவர் சொந்தக்காரராகவே இருப்பார்.

பாபநாசத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 13 வயது. பயிற்சியாளர் எடை கூடிய பந்துகளை எறியச் சொல்கிறார், வேகம் கூடுமாம். பத்து நாளாக முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான்.

அம்மா, முதலில் எறிவதை இன்றே நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, டென்னிஸ் பந்தைக் கீறி உள்ளே ஆற்றுமணல் நிரப்பி, தைத்து, பையன்களிடம் கொடுத்தேன். பெரிய கண்டுபிடிப்பாளன் என்று நினைப்பு. ஒரு மாதத்தில் நன்றாக எறிந்துகொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சோற்றை உருட்டக் கை வலிக்கிறது என்றான். “சோம்பல்படாதே” என்று சொல்லி மேலும் இருபது எறியவைத்தேன். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முழங்கையின் உள்பக்கம் எலும்பு இன்னும் கூடாமல் இருக்கும் இடைவெளியைக் காட்டினார். அது வளர்ச்சித் தட்டு. வளரும் பிள்ளைகளின் கையில் தசைநாரைவிட அந்த இடம்தான் பலவீனம், இழுத்தால் முதலில் அதுவே விலகும். அவன் அந்த ஆண்டு முழுவதும் பந்தைத் தொடவில்லை. அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எடைப் பந்தால் வேகம் கூடுவதுண்டு, உங்கள் பயிற்சியாளர் சொல்வது பொய்யல்ல. 13 முதல் 18 வயது வரையுள்ள பேஸ்பால் வீரர்களிடம் ஆறு வாரம் சோதித்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வேகம் சிறிது கூடியது. அதே குழுவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காயமும் ஏற்பட்டது. அங்கே 13, 14 வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் ஆட்டத்தில் 95 பந்துக்கு மேல் வீசக்கூடாது, அதன்பின் ஓய்வுநாள் விடவேண்டும் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எறிவதை யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் எண்ணுங்கள். வலி தீர்ந்து மருத்துவர் அனுமதித்தபின், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் மகனுக்கு இப்போது தேவைப்படும் ஒரே கருவி அந்த நோட்டுத்தான்.

வலங்கைமானிலிருந்து ஒரு பட்டதாரி: காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். உடல்திறன் போட்டியில் குண்டு எறிதலுக்குப் பதில் கிரிக்கெட் பந்து எறிதலைத் தேர்ந்தெடுக்க நினைக்கிறேன். பந்து உயரமாகப் போகிறது, தூரம் போவதில்லை.

மகளே, நல்ல முடிவு. குண்டுக்கு உடல் எடை உதவும், பந்துக்குப் பழக்கம் உதவும்.

45 பாகையில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்று பள்ளியில் படித்திருப்பாய். அது தரையிலிருந்து கிளம்பும் பந்துக்கான கணக்கு. நீ தலைக்குப் பக்கத்திலிருந்து எறிகிறாய். தவிர, மேல்நோக்கி எறிய எறியக் கையின் வேகம் குறையும். 30இலிருந்து 35 பாகைக்குள் போதும். கோணத்தைக் கண்ணால் அளக்க முடியாது என்பதால் கயிறு கட்டு. இரண்டு தென்னைகளுக்கு நடுவே, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு கொச்சக்கயிறு. ஐந்து மீட்டர் பின்னால் நின்று எறி. கயிற்றுக்கு ஒரு முழம் மேலே பந்து போனால் கோணம் சரி. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போனால் வானத்துக்கு எறிகிறாய் என்று பொருள்.

பந்தின் தையலுக்குக் குறுக்கே இரண்டு விரலை வைத்துப் பிடி. எறிந்தபின் கை எதிர் முழங்காலைத் தாண்டி இறங்கட்டும். பாதியில் நிறுத்தினால் தோள்தான் பிரேக் போடும், அது நல்லதல்ல. கோட்டைத் தாண்டாமல் நிற்கவும் பழகு. எத்தனை மீட்டருக்கு என்ன மதிப்பெண் என்பதை இந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதைக் கேட்காதே.

மன்னார்குடியிலிருந்து ஒரு மாணவன்: சுழற்பந்து வீசும்போது கையை மடக்கி எறிகிறேன் என்று எதிரணி சண்டை போடுகிறது. கையில் மரச்சட்டம் கட்டிப் பழகலாமா?

தம்பி, நடுவர் ‘நோ-பால்’ என்று கையை நீட்டினாரா? இல்லையென்றால் எதிரணி போடும் சண்டை உனக்குக் கிடைத்த பாராட்டு.

விதி என்னவென்றால், கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது. மடங்கியே இருப்பது குற்றமல்ல, நிமிர்வதுதான் குற்றம். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன்மீதும் இதே குற்றச்சாட்டு இருந்தது. அவருக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது. 2004இல் கையில் எஃகு பொருத்திய பட்டையைக் கட்டிக்கொண்டு கேமரா முன் வீசிக் காட்டினார். பட்டை கட்டிய பிறகும் பார்க்கிறவர்களுக்குக் கை வளைவதுபோலவே தெரிந்தது. கண் அவ்வளவுதான். அது அவர் சாட்சிக்காகக் கட்டியது. நீ பழகுவதற்காகக் கட்டாதே, தோள் கெடும். நண்பனின் செல்பேசியில் மெதுவான இயக்கத்தில், பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்துப் பார்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பாட்டி: பேரன் இடது கையால் எறிகிறான். மாற்றிவிடலாமா?

வேண்டாம். பெரியவர்கள் சோறு ஊட்டும்போது மாற்றப் பார்த்ததே போதும்.

கொள்ளிடக் கரையிலிருந்து ஒரு வாசகர்: வாத்தியாரே, எனக்கு 68 வயது. வீச்சுவலை வீசியே பழகியவன். பேரன் ஈட்டி எறிகிறான். அவன் பயிற்சி எனக்கு வலை வீசுவது போலவே தெரிகிறது. உளறுகிறேனா?

உளறவில்லை ஐயா. நானே இதைப் பாடமாக நடத்தியிருக்கவேண்டும், புத்தி பின்னால் வந்தது.

வலையின் ஈயக்குண்டு விளிம்பைப் பல்லால் கவ்வி, ஒரு பங்கை முழங்கையில் போட்டு, மீதியை மறுகையில் பிடித்து, உடம்பை ஒரு பக்கம் முறுக்கி நிற்கிறீர்கள். பிறகு கால் அழுத்த, இடுப்பு அவிழ, கடைசியில்தான் கை திறக்கிறது. பல்லையும் அப்போதுதான் விடுகிறீர்கள். கை முந்தினால் வலை உருண்டையாகத் தொப்பென்று விழும். எல்லாம் வரிசைப்படி வந்தால் வட்டமாக விரியும். எறிதலில் தவறு எங்கே என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிற கருவி கடையில் கிடையாது. ஈட்டி பொய் சொல்லும், காற்று சாதகமாக இருந்தால் தவறாக எறிந்ததும் தூரம் போய்விடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஈட்டியில் கை தோளுக்கு மேலே நேராக வரவேண்டும், வலைபோலச் சுற்றி வரக்கூடாது. முறுக்கி அவிழ்வதை மட்டும் உங்களிடம் கற்கட்டும், மற்றதை அவன் பயிற்சியாளரிடம் கற்கட்டும். நீங்கள் வலை வீசுவதைப் பேரனை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மீன் விழுந்ததா என்பதையும் எழுதுங்கள்.