மாடித்தோட்டமும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் சார்பில் மே விடுமுறையில் ஒருநாள் மாடித்தோட்டப் பயிற்சி நடத்தி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தக்காளி நாற்றும் வளர்ப்புப் பையும் கொடுத்தோம். பள்ளி திறப்பதற்குள் பெரும்பாலானவை கருகிவிட்டன. அடுத்த முறை எப்படி நடத்தலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பருவமும் பயிரும்தான் பொருந்தவில்லை. கோடை விடுமுறை நமக்கு வசதியான காலமே தவிர, செடிக்கு அல்ல. கத்திரி வெயிலில் மாடித் தளம் கொதிக்கும்போது பையிலுள்ள மண் வேர் வரை சூடேறும். 35 டிகிரிக்கு மேல் வெயில் நீடித்தால், பிழைத்த தக்காளியிலும் பூக்கள் காய் பிடிக்காமல் உதிரும். நட்டு இரண்டு மாதம் கழித்துப் பழம் தரும் பயிருக்காகப் பத்து வயதுப் பிள்ளை காத்திருக்கவும் செய்யாது. ஆகவே, 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதை அப்படியே பின்பற்றி ஜூலை நடுவில் தொடங்குங்கள். முதல் பயிர் முளைக்கீரையாக இருக்கட்டும். 25 நாட்களில் அது குழம்புச் சட்டிக்கு வந்துவிடும்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது என்பதால், நாலைந்து பங்கு மணலுடன் கலந்து தூவச் செய்து, பூவாளியால் நீர் தெளிக்கச் சொல்லுங்கள். பத்து நாட்களில், நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்துவிட வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் தயங்குவார்கள். தாம் முளைக்க வைத்ததைத் தாமே பிடுங்க மனம் வராது. ஒரு பையைக் கலைத்தும் மற்றொன்றைக் கலைக்காமலும் விட்டு, மூன்றாம் வாரத்தில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், விரிவுரை எதுவும் தேவைப்படாது. பிடுங்கிய இளங்கீரையைப் பாசிப்பருப்போடு சேர்த்துவிடலாம்.

ஆர்வமிகுதியால் வேளைக்கொரு முறை நீர் ஊற்றி வேரை அழுகவிடுவதும் பிள்ளைகளின் வழக்கம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் ஒட்டினால் அன்று நீர் வேண்டாம் என்ற ஒரே விதியைக் கற்றுக்கொடுங்கள்.

பேச்சாளரை வெளியிலிருந்து அழைப்பது எனக்கு உடன்பாடானது அல்ல. ஊரில் வயலில் இறங்கி வேலை பார்த்துவிட்டு, இப்போது மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கியிருக்கும் பெரியவர்கள் உங்கள் குடியிருப்பிலேயே இருக்கக்கூடும். வாரம் ஒரு மாலை அவர்கள் பிள்ளைகளோடு அமர்ந்தால் போதும். (படியேற முடியாதவரானால் பைகளைக் கீழே இறக்குங்கள்.)

கேள்வி: பெரிய வகுப்பு மாணவர்கள் "கீரைதானே" என்று அலட்சியப்படுத்துகிறார்கள். அவர்களை எப்படி ஈடுபடுத்துவது?
– ஆசிரியர், மதுரை

பதில்: அவர்களிடம் பரங்கிக் கொடியை ஒப்படையுங்கள். ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி; பெண் பூவின் அடியில் உருண்டையாகச் சிறு பிஞ்சு தெரியும், ஆண் பூவோ நீண்ட காம்பில் வெறுமனே நிற்கும். தேனீக்கள் எட்டிப்பார்க்காத உயரமான மாடிகளில் அந்தப் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். பூ விரிந்த அன்று அதிகாலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, மகரந்தம் பெண் பூவின் சூல்முடியில் படும்படி தடவினால் காய் பிடிக்கும். பாடப்புத்தகப் படத்தில் பாகங்களைக் குறித்துப் பழகியவர்களுக்கு இது வேறோர் அனுபவம். பீர்க்கும் சுரையும் மாலையில் பூப்பவை. அவற்றுக்கு எந்த நேரம் பொருந்தும் என்பதை அவர்களே கவனித்துக் கண்டறியட்டும்.

கேள்வி: மாவுப்பூச்சிக்கு மருந்தடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ரசாயன மருந்து கூடவே கூடாது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், தாக்கிய இலையைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவலாம். அதைப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். அடங்காவிட்டால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் வீதம், சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துப் பெரியவர் ஒருவர் மாலை நேரத்தில் தெளிக்கட்டும்.