ரப்பர் புகையறையில் போட்ட கறிவேப்பிலை ஏன் கறுத்தது?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் தென்னை விளையில் ஊடுபயிராக 40 மூடு கறிவேப்பிலை நிற்கிறது. மழைக்காலத்தில் இலை தழைத்துக் கிடக்கும், ஆனால் வாங்க ஆளில்லை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் பரப்பிப் பார்த்தேன், கறுத்துப் புகை வாடை அடித்தது. வெயிலில் போட்டால் பழுப்பாகிறது. எப்படிக் காய வைப்பது? காய்ந்த இலையில் சத்து இருக்குமா, எதற்கெல்லாம் ஆகும்?

பதில்: அக்கா, முதலில் அந்தப் புகையறையை மறந்துவிடுங்கள். ரப்பருக்குப் போடும் புகை சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகவே ஆகாது. அதோடு அடைத்த அறையில் இலையிலிருந்து வரும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இலை வெந்து கறுத்திருக்கிறது. நேர் வெயிலில் போட்டால் பச்சை நிறம் போகும், வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் சிதையும். மணம் என்பது இலையிலுள்ள எண்ணெய்தான், சூடு ஏற ஏற அது பறந்துவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது நிழலும் காற்றும்.

பனி உலர்ந்த பிறகு காலையில் பறியுங்கள். வெளிறிய கொழுந்தும் மஞ்சளான முற்றலும் வேண்டாம். கழுவி, உதறி, பருத்தித் துணியில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் போட்டு, நீர் வடிந்த பிறகு ஈர்க்கிலிருந்து உருவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். காற்றோட்டமான அறையில் நல்ல காலமாக இருந்தால் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், அது நடக்காது, இலை பூத்துப்போகும். அப்போது பக்கத்தில் யாரிடமாவது கொப்பரை காய வைக்கும் சோலார் கூடாரமோ மின் உலர்த்தியோ இருந்தால் கேளுங்கள். கூடாரமானால் இலைமேல் நிழல் வலை போடுங்கள், உலர்த்தியானால் 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். ஒரு இலையை எடுத்துக் கசக்கிப் பாருங்கள், பொலபொலவென்று நொறுங்க வேண்டும், நடுநரம்பும் சட்டென்று ஒடிய வேண்டும். நரம்பு வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

உருவிய பச்சை இலை மூன்று கிலோ போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். விலை பேசும்போது இதை மனதில் வையுங்கள். மருந்து அடிக்கும்போதும் இதே கணக்குதான்: மூன்று கிலோ இலையில் ஒட்டிய விஷம் ஒரு கிலோவில் வந்து சேரும். இலை தின்னும் புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அப்புறம் பச்சையாகும். 40 மூட்டுக்குக் கையால் பொறுக்கினாலே போதும். மிஞ்சினால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்.

சத்து பற்றிக் கேட்டீர்களே. சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் காய்ந்தாலும் போகாது. வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். சர்க்கரை நோய் குணமாகும், முடி கொட்டுவது நிற்கும் என்றெல்லாம் பாக்கெட்டில் போடாதீர்கள் அக்கா, ஒரு நோயாளி அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் பெரிய பாவம். தினமும் சோற்றோடு சேர்கிற நல்ல இலை, அவ்வளவு சொன்னால் போதும், அதற்கே ஆள் வாங்குவார்கள்.

சமையலில் ஒரு விஷயம். காய்ந்த இலையைப் பச்சை இலை மாதிரி கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொடியில் கருகிக் கசக்கும். மீன்கறி இறக்கும் நேரத்தில் கையால் நொறுக்கித் தூவி மூடி வைத்தால் மணம் அப்படியே நிற்கும். தீயலுக்குத் தேங்காய் வறுத்து முடிக்கும்போது ஒரு பிடி சேர்த்து அரைக்கலாம். மோரில் உப்போடு அரை ஸ்பூன் போடலாம். ஆனால் நன்றாக விலைபோவது பொடிதான்: உளுந்து, வற்றல் மிளகாய், மிளகு, பெருங்காயத்தைத் தனித்தனியே வறுத்து, ஆறிய பிறகு இலையோடு சேர்த்துத் திரியுங்கள், இலையை வறுக்க வேண்டாம். முழு இலையாகவே இருப்பு வைத்து, ஆர்டருக்குத் தக்கபடி வாரம் ஒருமுறை திரித்தால் நல்லது, பொடியில் மணம் சீக்கிரம் போகும்.

விற்பதற்கு முன்னால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் இரண்டு கிலோ மட்டும் காய வைத்து, சூடு ஆறியதும் பாட்டிலில் அடைத்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் மறுபடி காய வைக்க வேண்டும், வேர்க்காவிட்டால் அடுத்த பறிப்பை முழுசாகப் போடலாம்.