அபராதம் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பூம்பாறையிலிருந்து டூரிஸ்டுகளை மன்னவனூருக்கு ஜீப்பில் கூட்டிப்போவான். போன மாதம் பைக்கில் வரும்போது போலீஸ் நிறுத்தி, 40 கிராம் கஞ்சா வைத்திருந்தான் என்று கேஸ் போட்டுவிட்டார்கள். ஜாமீனில் வந்துவிட்டான், பைக் ஸ்டேஷனில் நிற்கிறது. இரண்டு வருஷமாகத் தினமும் கஞ்சா குடிக்கிறான் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா முடிஞ்சிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். "கல்யாணம் பண்ணி வை, திருந்திடுவான்" என்கிறார் என் அண்ணன். அவனோ, "கனடாவுல கடையில விக்கிறான், இங்க மட்டும் குத்தமா?" என்கிறான். பூண்டு விற்ற காசெல்லாம் வக்கீலுக்கே போகிறது.
பெயர் வேண்டாம், பூம்பாறை

பதில்: அம்மா, அந்தத் தெரிந்தவர் பேச்சைக் கேட்டு எங்கும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், குற்றவாளி என்று தீர்ப்பு வாங்கியதாகத்தான் அர்த்தம். அரசு வேலை, பாஸ்போர்ட் என்று போலீஸ் விசாரணை வரும் இடத்திலெல்லாம் அது எழுந்து நிற்கும். இன்னொரு முறை மாட்டினால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 31-ஆம் பிரிவின்படி தண்டனையின் உச்சவரம்பே ஒன்றரை மடங்காகும்.

ஒரு கிலோவுக்குக் குறைந்த கஞ்சா, சட்டத்தில் 'சிறிய அளவு'. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனே கிடைக்காது என்று ஊரில் மிரட்டுவது 20 கிலோவுக்கு மேல் பிடிபடும் வழக்குகளை வைத்து.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 64ஏ பிரிவை. சிறிய அளவோடு பிடிபட்டவர் அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அவர்மேல் வழக்கு நடத்தாமல் விடலாம். பாதியில் நிறுத்தினால் அந்தச் சலுகை போய்விடும். தினமும் குடிக்கிறான் என்கிறீர்களே, வக்கீலிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனே போய்ப் பேசட்டும். கையைப் பிடித்து இழுத்துப்போனால் 'தானாக முன்வந்து' என்பது அடிபட்டுவிடும், அவனும் உங்கள்மேல் கோபப்படுவான்.

கனடா பேச்சுக்கு வருவோம். உங்கள் மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1893-94-ல் ஆங்கிலேய அரசு அமைத்த கமிஷனே, அளவோடு பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, அடியோடு தடை வேண்டாம் என்றுதான் எழுதியது. நம் நாட்டில் இந்தக் கடுமையான சட்டம் வந்தது 1985-ல். கனடா 2018-லும் ஜெர்மனி 2024-லும் பெரியவர்களுக்கு அனுமதித்துவிட்டன. நம் சட்டத்தின் கோணலைப் பாருங்கள்: புகைத்தால் ஆறு மாதம் வரை, புகைக்காமல் சட்டைப்பையில் வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை! சொந்தத்துக்கு வைத்திருந்த பையனைக் கோர்ட்டுக்கு அலையவிடுவதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கும் புரியவில்லை. கஞ்சா செய்யும் கெடுதலைவிட இந்தக் கேஸ் செய்யும் கெடுதல்தான் இவனுக்கு அதிகம்.

ஆனால் கனடாவிலும் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்க முடியாது, பெரும்பாலான மாகாணங்களில் 19, கியூபெக்கில் 21. கெடுதல் இல்லை என்பதற்காக அவர்கள் அனுமதிக்கவில்லை. உங்கள் குடும்பத்திலோ வீட்டுக்காரர் குடும்பத்திலோ மனச்சிதைவு நோய் யாருக்காவது இருந்ததா? இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். கனடா கதையை அவன் கோர்ட்டில் சொன்னால் எடுபடாது. நண்பர்களோடு பேசிக்கொள்ளட்டும்.

கல்யாண யோசனைக்கு ஒரே பதில்: வேண்டாம். யார் வீட்டுப் பெண்ணையோ மருந்தாக்காதீர்கள்.

வருமானம் குறைவாக இருந்தால் சட்டப்பணிகள் குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார்; 15100 என்ற எண்ணில் விசாரியுங்கள். பைக்கைக் கோர்ட்டில் மனுப் போட்டு இடைக்காலமாகத் திரும்பக் கேட்கலாம். இந்த வகை வழக்குகளிலும் அப்படிக் கொடுக்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. மழையில் நின்று துருப்பிடிக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.