ஜாடியில் நிறம் போன பூரான்: பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் துறை மியூசியத்தில் ஸ்பிரிட் ஜாடிகளில் பழைய பூரான்கள் கிடக்கின்றன. நிறம் வெளிறிவிட்டது. என்ன இனம் என்று சொல்ல முடியுமா?

பதில்: பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி) வரை நீங்களே போய்விடலாம். நிறம் போனதற்காகக் கவலைப்படாதீர்கள். ஒரே இனத்திலேயே பல நிறங்கள் உண்டு என்பதால், உயிருள்ள பூரானிலும் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

முதலில் கால் ஜோடிகளை எண்ணுங்கள். தலைக்கடியில் உள்ள நச்சுக்கொடுக்கைச் சேர்க்காதீர்கள். பெரிய பூரான் என்றால் பெரும்பாலும் 21 ஜோடி இருக்கும். அப்புறம் கண். தலையின் இருபக்கமும் நான்கு நான்கு புள்ளிக் கண்கள் தெரிந்தால் மேலே போகலாம். கண்ணே இல்லாத சிறியது என்றால் கிரிப்டாப்ஸ் என்ற பேரினத்தின் பக்கம் தேடுங்கள்.

அடுத்ததில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பூரானைப் பக்கவாட்டில் சாய்த்து, ஸ்பிரிட்டில் முழுக வைத்தே மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். வெளியே எடுத்தால் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். முன்னாலிருந்து ஏழாவது கால் ஜோடி உள்ள கண்டத்தில் (உடல் வளையத்தில்), காலுக்குச் சற்று மேலே சுவாசத்துளை இருக்கிறதா? இருந்தால் ரைசிடா அல்லது எத்மோஸ்டிக்மஸ். இல்லையென்றால் மற்றக் கண்டங்களின் துளையைப் பாருங்கள்: முக்கோண வடிவில் ஒடுங்கியிருந்தால் ஸ்கோலோபெண்ட்ரா அல்லது கார்மோசெஃபாலஸ், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் பெரும்பாலும் ஓட்டோஸ்டிக்மஸ்.

இனத்துக்குப் போக, உணர்கொம்பின் கணுக்கள், அவற்றில் அடியிலிருந்து மயிரில்லாமல் வழவழப்பாக இருப்பவை எத்தனை, கடைசிக் காலின் முதல் பெரிய கணுவில் முட்கள் எப்படி வரிசைகட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒடிந்து மறுபடி முளைத்த கொம்பிலும் காலிலும் எண்ணிக்கை மாறிவிடும். ஸ்கோலோபெண்ட்ரா மோர்சிடன்ஸ் ஆணுக்குக் கடைசிக் கால்களின் மேற்புறம் தட்டையாகி ஓரத்தில் வரம்பு கட்டியிருக்கும். இது இல்லாத பெண்ணை வேறு இனம் என்று பிரித்துவிடாதீர்கள்.

விறைத்துப்போன பூரானை வலிந்து நிமிர்த்தினால் கடைசிக் கால்தான் முதலில் ஒடியும். அது போனால் பாதி அடையாளம் போச்சு.

பழைய லேபிளை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். ஊர் தெரியாத ஜாடிக்கு ‘ஒகேனக்கல்லாக இருக்கும்’ என்று ஊகத்தில் எழுதவும் வேண்டாம். பேரினம் மட்டும் உறுதி என்றால், அதோடு நிறுத்தி, பார்த்தவர் பெயரும் தேதியும் பென்சிலில் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள்.